மச்சாளின் முழங்காலும் இமயமலையும்

பால்கனிக் கொடியில், பிள்ளையின் சின்னத் துணிகளுக்கு நடுவே, இரண்டு முழங்கால் உறைகள் எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். இழுபடும் தடித்த துணியால் செய்தவை. தோல் நிறம் என்று பெட்டியில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் ஒருவருடைய தோலும் அந்த நிறத்தில் இருக்கவில்லை. வெள்ளவத்தைக் கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருப்பதால் தடித்த துணி எதுவும் ஒரு பகலில் முழுதாகக் காயாது. மறுநாள் காலை மச்சாள் அந்த அரை ஈரத்தோடேயே அவற்றை மாட்டிக்கொள்வார். கதிரையில் இருந்து, ஒரு காலை நீட்டி, பாதத்திலிருந்து உருட்டி உருட்டி மேலே ஏற்றி, உறையில் இருக்கும் வட்ட ஓட்டை முழங்காற் சில்லின் மேல் சரியாக வந்து உட்காரும் வரைக்கும் யாரோடும் கதைக்கமாட்டார். பிறகு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு குந்திப் பார்ப்பார். அரைவாசிக்கு மேல் ஒருநாளும் போனதில்லை. அந்த முழங்கால்களோடுதான் அவர் இமயமலையில் ஏறுவதற்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. கலியாணம் செய்யவில்லை. கொழும்புக் கோட்டையில் கப்பல் முகவர்களின் அலுவலகம் ஒன்றில் நீண்ட காலம் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். பக்கத்துத் தெருவில் குண்டு வெடித்து, கண்ணாடிகள் எல்லாம் கொட்டுண்டு, அலுவலகம் நகரத்துக்கு வெளியே இடம் மாறியபோது, இனி இரண்டு பஸ் ஏறி வேலைக்குப் போக இயலாது என்று சொல்லி ஓய்வெடுத்துக்கொண்டார். அப்போது எனக்குப் பிள்ளை பிறந்து சில மாதங்கள். கணவர் டோஹாவில். நான் ஹெவ்லொக் டவுனில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நான் வேலைக்குப் போக, பிள்ளையை மச்சாள் பார்த்துக்கொண்டார். என்னுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. என் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு மேல் போகாது. மச்சாள் அலுவலகச் சிங்களம் கதைப்பார். பொலிஸ் வீடு சோதிக்க வந்தால் கதவைத் திறப்பவர் அவர்தான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அவர் இமயமலைக்குப் போவது எனக்கு வெறும் பயணச் செய்தியாக இருக்கவில்லை. அவர் போனால் அந்த நான்காம் மாடி வீட்டில் நானும் ஒரு கைக்குழந்தையும் மட்டும்தான்.

முழங்கால் பழுதானதற்கு எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட காரணம் ஒன்று இருந்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அவர் பின்மதிலால் குதித்துத் தப்பியவர். அன்று விழுந்த அடிதான் இன்றைக்கு வேலை செய்கிறது என்று சொல்வார்கள். மாமியாரின் செத்த வீட்டில்கூட இந்தக் கதை ஒருதரம் சொல்லப்பட்டது. மச்சாளுக்கு இது பிடிக்காது. “எல்லாத்துக்கும் எண்பத்து மூண்டைச் சொல்லாதையுங்கோ. இது நான் திண்ட கொத்துரொட்டி” என்பார். மருத்துவர் இரண்டையும் ஏற்கவில்லை. வயதும் எடையும் என்றார். எடை என்பதும் கொத்துரொட்டி என்பதும் ஒன்றுதானே என்று வீட்டுக்கு வரும் வழியில் மச்சாள் என்னிடம் கேட்டார்.

இமயமலை ஆசை எங்கிருந்து வந்தது என்று நான் பலதரம் யோசித்திருக்கிறேன். அலுவலகத்தில் அவருடைய மேசைக்கு எதிரே ஒரு கலண்டர் தொங்கியதாம். வருடம் வருடம் கப்பல் படம் போட்டு வருகிற கலண்டரில் ஒரு வருடம் மட்டும் என்ன காரணமோ பனிமலை ஒன்று வந்துவிட்டது. அந்த வருடம் முடிந்த பிறகும் அதைக் கழற்ற மச்சாள் விடவில்லை. புதுக் கலண்டரை அதன் பக்கத்தில் மாட்டச் செய்தார். அந்த மலை எது என்று அதில் எழுதியிருக்கவில்லை. இமயமலை என்று அவர் தானாகவே முடிவு செய்துகொண்டார். சுவிற்சர்லாந்தாகவும் இருக்கலாம் என்று நான் சொன்னேன். சுவிசுக்குப் போக விசா தரமாட்டான், ஆனபடியால் இது இமயமலைதான் என்றார்.

கொட்டாஞ்சேனையில் ஒருவர் வருடத்தில் ஒரு தரம் வடஇந்திய யாத்திரைக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போவார். ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மச்சாளோடு நானும் போனேன். காசி, ஹரித்துவார் எல்லாம் பார்த்துக் கடைசியில் கேதார்நாத். வாகனப் பாதை முடிகிற இடத்திலிருந்து கோயிலுக்கு ஒரு பகல் முழுக்க மலை ஏறவேண்டும். மச்சாள் நடந்து வந்த விதத்தை அவர் வாசலிலேயே கவனித்திருக்க வேண்டும். “எல்லாரும் குதிரையிலதாம்மா போறாங்க. முட்டி வலிக்காரங்களுக்குன்னே அங்க குதிரை நிக்குது” என்றார். குதிரையில் போனால் புண்ணியம் குதிரைக்குத்தானே சேரும் என்று மச்சாள் சொல்ல, அவர் சிரித்துவிட்டு, மருத்துவரிடம் கடிதம் வாங்கி வந்தால் யோசிக்கிறேன் என்றார். மருத்துவர் ‘பிரயாணம் செய்யத் தகுதியானவர்’ என்று எழுதிக் கொடுத்தார். அதை வாசித்த யாத்திரைக்காரர், பிரயாணம் சரி, நடக்கிறதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டார். நடப்பதும் பிரயாணத்தில் அடக்கம்தானே என்று மச்சாள் சொன்னார். அப்படித்தான் அவருடைய பெயர் சேர்ந்தது. ஒரு நிபந்தனை மட்டும் யாத்திரைக்காரர் வைத்தார்: வழியில் முடியாமல் போனால் கூட்டம் நிற்காது.

அன்றிலிருந்து மச்சாள் பழகத் தொடங்கினார். எங்கள் தொடர்மாடியில் லிஃப்ற் ஒன்று இருந்தது. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து பழுது. அது தனக்காகவே பழுதாகியிருக்கிறது என்றார். சமையலறையிலிருந்த கோதுமை மா, சீனி, மைசூர்ப் பருப்பு எல்லாவற்றையும் பொலித்தீன் பைகளில் இறுக்கிக் கட்டி, முதுகுப் பையில் அடுக்கி, அதைச் சுமந்துகொண்டு காலையில் படி ஏறுவார். அவசரத்துக்குச் சீனி வேண்டுமென்றால் நான் அவர் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஏறுவது பெரிய பாடாகத் தெரியவில்லை. மூச்சு வாங்கும், முகம் சிவக்கும், வந்து சேர்ந்துவிடுவார். இறங்கும்போதுதான் முழங்கால் தன்னைக் காட்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மேலே கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு படி, ஒரு நிறுத்தம். ஒரு படி, ஒரு நிறுத்தம். நிறுத்தம் நீண்டால், விழுந்துவிட்டாரோ என்றும் நினைப்பேன், இதோடு இந்த யோசனை போய்விடுமோ என்றும் நினைப்பேன். போகாமல் விட்டால் நல்லது என்று அவரிடமே சொல்லியுமிருக்கிறேன். அது தனக்குத் தெரியும் என்பார்.

இங்கே எங்கள் ஆட்களுடைய ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளிக்கிட்டு நிற்கிற ஒருவரைப் பார்த்து “எங்கை போறியள்?” என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. அறிய வேண்டுமென்றால் “தூரமோ?” என்று கேட்கலாம். சொல்ல விருப்பம் உள்ளவர் சொல்வார். விருப்பமில்லாதவர் ‘ஓம், கொஞ்சம் தூரம்’ என்றோ ‘இல்லை, கிட்டத்தான்’ என்றோ சொல்லிவிட்டுப் போவார். கிட்டத்தான் என்று சொன்னவர் லண்டனுக்குப் போயிருந்த கதையும் எங்கள் ஊரில் உண்டு. படித்த நான் இதை நம்புகிறேனா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் கேட்கமாட்டேன். கொழும்பிலோ, வீட்டை விட்டு இறங்கியதும் முதலில் காதில் விழுவதே அந்தக் கேள்விதான். எங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறும் இடத்தில் மண்மூட்டை அடுக்கிய காவலரண் ஒன்று இருந்தது. அடையாள அட்டையை நீட்ட முன்னமே கேட்பார்கள்: “கொஹேத யன்னே?” எங்கே போகிறாய்? பாடசாலைக்குப் போகும்போதும் கேட்பார்கள், பாண் வாங்கப் போகும்போதும் கேட்பார்கள்.

படிகள் போதாது, சமதரையிலும் நடந்து பழகவேண்டும் என்று மச்சாள் ஒரு சனிக்கிழமை பையையும் மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். சிறிது நேரத்தில் முதலாம் மாடியில் இருக்கும் ராத்தா மூச்சிரைக்க ஏறி வந்தார். முஸ்லிம் குடும்பம்; அவருடைய கணவருக்குக் காலி வீதியில் துணிக்கடை. “மகள், பதறாதீங்க. மச்சாளை சென்ரியில நிப்பாட்டி வெச்சீக்கி. ஐசியையும் பொலிஸ் பதிவையும் எடுத்துக்கொண்டு போங்க” என்றார். பதறாதீங்க என்று யாராவது சொன்னால் நான் பதறுகிற ஆள். பிள்ளையையும் அடையாள அட்டையையும், வீட்டில் இருப்பவர்களைப் பொலிசில் பதிந்த துண்டையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். பிள்ளையை ராத்தாவிடம் விட்டிருக்கலாம் என்று பாதி வழியில் தோன்றியது. கைக்குழந்தையோடு போனால் இரக்கப்படுவார்கள் என்றும் தோன்றியது. இரண்டையும் யோசித்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஒரு வீட்டின் கார்க் கொட்டிலைத்தான் காவலரண்காரர்கள் அலுவலகமாக எடுத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் வயதான பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர். மேசையில் எங்கள் வீட்டு மா, சீனி, பருப்பு. ஒவ்வொரு பையிலும் கம்பியால் குத்திப் பார்த்த ஓட்டை. மாப் பையிலிருந்து மெல்லிய கோடாக மா சிந்திக்கொண்டிருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு முழங்கால் உறைகள். உடம்பு தடவிச் சோதித்த பெண் பொலிசின் கையில் பாவாடைக்கு உள்ளே இரண்டு காலிலும் ஏதோ இறுக்கிக் கட்டியிருப்பது தட்டுப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் உடம்பில் எதையாவது கட்டிக்கொண்டு வரும் பெண் என்றால் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். மச்சாள் ஒரு வாங்கில், உறையில்லாத கால்களை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பேசாமல் இரும் என்பதுபோல் கண்ணைக் காட்டினார். அதை நான், எதையும் வெளியே சொல்லிவிடாதே என்று எடுத்துக்கொண்டேன்.

சார்ஜன்ட் என் அட்டையைப் பார்த்தார், பிறந்த இடத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு, இந்த அம்மா எங்கே போகப் புறப்பட்டார் என்று கேட்டார். மச்சாள் ஏற்கெனவே என்ன சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தூரம் என்று சொல்வது எந்த வகையிலும் ஆபத்து என்று பட்டது. அதோடு, வெளிக்கிட்டு நிற்கிற ஒருவருடைய இடத்தை வாயால் சொல்லிப் பழக்கமுமில்லை. “லங்கட்ட, சேர். கடேட்ட” என்றேன். கிட்டத்தான், கடைக்கு.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “எக்கெனெக் ஹிமாலயட்ட. எக்கெனெக் கடேட்ட” என்று தனக்குச் சொல்வதுபோல் சொன்னார். ஒருவர் இமயமலைக்கு, ஒருவர் கடைக்கு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொஹேத யன்னே என்று கேட்டபோது மச்சாள் உண்மையைச் சொல்லியிருக்கிறார். பழக வெளிக்கிட்டதே இமயமலைக்குத்தானே என்ற கணக்கில், “ஹிமாலயட்ட” என்று சொல்லிவிட்டார். அது பகிடியா, அல்லது ஏதாவது இடத்தின் சங்கேதப் பெயரா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இப்போது நான் வந்து வேறொன்று சொல்லியிருக்கிறேன். இரண்டு தமிழர், இரண்டு பதில். இதைவிடச் சின்னக் காரணத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதுண்டு. பிள்ளை கையை நீட்டி ஒரு முழங்கால் உறையைப் பிடித்து வாயில் வைத்தது. யாரும் தடுக்கவில்லை.

மச்சாள் தன் அலுவலகச் சிங்களத்தில், கடிதம் ஒன்றை வாசித்துக் காட்டுவதுபோல, ஆறுதலாக விளக்கினார். இந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. எங்களுடைய ஆட்கள் பயணம் வெளிக்கிட்டவரை எங்கே என்று கேட்பதில்லை, கேட்டாலும் சொல்வதில்லை. கேட்டால் பயணம் குழம்பிவிடும் என்று ஒரு நம்பிக்கை. சார்ஜன்ட் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியென்றால் என்னதான் கேட்பீர்கள் என்றார். தூரமா என்று கேட்போம் என்றார் மச்சாள். “துரத” என்று சிங்களத்தில் சொன்னார். எங்கள் தூரமும் அவர்களுடைய துரவும் ஒரே சொல் என்பது அன்றைக்குத்தான் என் காதில் பட்டது.

சார்ஜன்ட் கொஞ்சம் யோசித்தார். இந்த இடத்தில் நின்று நாங்கள் நாள் முழுக்க உங்கள் ஆட்களிடம் எங்கே எங்கே என்று கேட்கிறோமே, அப்படியென்றால் உங்கள் பயணத்தையெல்லாம் நாங்கள்தான் கெடுக்கிறோமா என்று கேட்டார்.

“ஓவ் மாத்தயா” என்றார் மச்சாள். ஓம் ஐயா. “அதுதான் எங்களுக்கு ஒன்றும் சரிவருவதில்லை.”

முதலில் சிரித்தது அந்தப் பெண் பொலிஸ்தான். சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டாள். சார்ஜன்ட் சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது, மீசை அசைந்தது. ஆனாலும் எங்களை விட்டுவிடவில்லை. பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, பதிவைச் சரிபார்த்து, கொட்டாஞ்சேனை யாத்திரைக்காரரிடமும் விசாரித்து முடியும் வரைக்கும் பின்னேரமாகிவிட்டது. பிள்ளைக்குப் பால் மாவு கரைக்க அந்தப் பெண் பொலிஸ் சுடுதண்ணீர் கொண்டுவந்து தந்தாள். போகச் சொன்னபோது மச்சாள் கொட்டிலின் வாசற்படியில் இறங்கப் பட்ட பாட்டைச் சார்ஜன்ட் பார்த்துக்கொண்டு நின்றார். “ஹரஹட, ஹரஹட” என்றார். பக்கவாட்டில் இறங்கு. சிவனொளிபாதமலையிலிருந்து தன்னுடைய தாய் நண்டுபோலப் பக்கவாட்டில்தான் இறங்குவார் என்றார். மச்சாள் திரும்பி நின்று அப்படியே இறங்கினார். நோவு பாதியாகக் குறைந்தது என்று பிறகு சொன்னார்.

அடுத்த நாள் கணவர் தொலைபேசியில் கத்தினார். அக்காவை நீர்தான் மறிக்க வேணும் என்றார். நான் எங்கே மறிப்பது? ஆனாலும் அவர் சொன்னதைச் செய்யாமலிருக்கவும் முடியவில்லை. மச்சாள் சிந்திய மாவை மறுபடி அரித்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். நேற்று நடந்ததைப் பார்த்தீர்கள்தானே, நீங்கள் போனால் நான் பிள்ளையோடு தனிய என்றேன்.

“நான் இருந்தாலும் நீர் தனியத்தான்” என்றார். “பிடிச்சால் ரெண்டு பேரையும்தான் பிடிப்பினம். நேற்றுப் பார்த்தனீர்தானே. ராத்தாவோட கதைச்சுப் போட்டன். பிள்ளையை அவ பாப்பா.”

அந்த மலையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். நேர்த்தியா, வேண்டுதலா? மச்சாள் அரிதட்டைத் தட்டி நிறுத்தினார்.

“அங்கை ஒரே ஒரு பாதைதானாம். ஏறுறவன் ஏறுவான், இறங்கிறவன் இறங்குவான். எங்கை போறாய் எண்டு கேக்க அங்கை ஒருத்தனுக்கும் வேலையில்லை. எனக்கு அதுக்குள்ளை ஒரு நாள் நடக்க வேணும்.”

அதன் பிறகு நான் மறிக்கவில்லை. கணவரிடம், சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை என்று சொன்னேன்.

மச்சாள் தினமும் நடந்தார். காவலரணில் அவரை ‘ஹிமாலய நோனா’, இமயமலை அம்மா, என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். கேலியும் இருந்தது, ஒருவித பழக்கமும் இருந்தது. பை ஒவ்வொரு நாளும் திறக்கப்பட்டது. மாவைக் கட்டும்போதே அவிழ்க்க வசதியாக முடிச்சைச் சுருக்காகப் போடப் பழகிக்கொண்டார். புறப்படும் காலை, யாத்திரைக்காரரின் வான் ஒழுங்கைக்குள் வரமாட்டேன் என்று காலி வீதியிலேயே நின்றது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காவலரண் வரைக்கும் கூடப் போனேன். சார்ஜன்ட் நின்றார். அடையாள அட்டையை வாங்கினார். அவர் வாயிலிருந்து வரப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். அன்றைக்காவது அது வரக்கூடாது என்று நான் விரும்பினேன். இதற்கெல்லாம் பயப்படுகிறேனே என்று என்மேல் கோபமும் வந்தது. அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

“துரத, நோனா?” என்று கேட்டார்.

“ஓவ்” என்றார் மச்சாள். “டிக்கக் துரய்.” கொஞ்சம் தூரம்.

பிறகு அவர் பையைத் திறக்கச் சொன்னார். கம்பளிச் சட்டை, மருந்துகள், உள்ளுடுப்புகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மண்மூட்டையின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். மச்சாள் மறுபடி அடுக்கும் வரைக்கும் வான்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

அவர் இல்லாத நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு விடிகாலை ஒழுங்கையை வளைத்துச் சோதித்தார்கள். நான்தான் கதவைத் திறந்தேன். ‘ஓவ்’, ‘நே’, ‘மகே நெந்தம்மா இந்தியாவே’ என்ற என் சிங்களம் போதுமானதாக இருந்தது. மகே நெந்தம்மா என்றால் என் மாமி. மச்சாளுக்குச் சிங்களத்தில் என்ன சொல்வதென்று தெரியாதபடியால் அவரை மாமியாக்கிவிட்டேன். பிள்ளை அந்த நாட்களில் படி ஏறப் பழகியது. தவழ்ந்து தவழ்ந்து ஒரு தட்டு ஏறிவிடும். மேலே போய் நின்று, இறங்கத் தெரியாமல் அழும். முகம் முன்னாலே இருந்தால் பிள்ளை பயப்படும், மகள், திருப்பிவிட்டுப் பின்பக்கமாக இறக்கிப் பழக்குங்க என்று ராத்தா சொன்னார். அப்படியே செய்தேன். மூன்று நாளில் பழகிவிட்டது.

மச்சாள் கறுத்து, மெலிந்து, மூக்கில் தோல் உரிந்து வந்து சேர்ந்தார். காவலரணைக் கடந்து படி ஏறி வந்து, கதிரையில் இருந்து, முதலில் ஒரு பிளேன்ரீ கேட்டார். ஏறினாரா என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். விடிய வெளிக்கிட்டு, பொழுதுபட்டு மைம்மலில் போய்ச் சேர்ந்தாராம். கூட்டத்தில் எல்லோரும் குதிரையில் போய்க் கும்பிட்டு முடித்துவிட்டார்கள். வழியில் போனவர்கள், வந்தவர்கள் எல்லோரும் கடவுள் பெயரைச் சொன்னார்களே தவிர எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் இறங்கும்போது முழங்கால் முற்றாகக் கைவிட்டுவிட்டது. பக்கவாட்டிலும் சரிவரவில்லை. அங்கே முதுகில் பிரம்புக் கூடை கட்டி ஆட்களைச் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியொருவர் இவரைக் கூடையில் வைத்துக் கீழே கொண்டுவந்து விட்டிருக்கிறார். கூடையில் இருப்பவருடைய முகம் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும்.

“ஏறேக்கை நான் என்ரை காலையும் கல்லையும்தான் பார்த்தனான்” என்றார். “மலையைப் பார்த்தது இறங்கேக்கைதான். அவன் இறங்க இறங்க அது அப்பிடியே பின்னாலை நிண்டுது. கீழை வருமட்டும் பார்த்துக்கொண்டு வந்தனான்.”

கலண்டரிலிருந்த அதே மலையா என்று கேட்டேன். இல்லை என்றார். அது சுவிஸ்தான் போலக் கிடக்கு என்றார்.

இப்போது மச்சாள் கனடாவில், தங்கையோடு. போன பிறகு இரண்டு முழங்காலுக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அங்கே எல்லா இடமும் லிஃப்ற், ஏறவும் ஒன்றுமில்லை இறங்கவும் ஒன்றுமில்லை என்று தொலைபேசியில் அலுத்துக்கொள்வார். அங்கே குடியேற விண்ணப்பித்த எங்களுடைய கடதாசிகளும் அலுவலகம் ஒன்றில் கிடக்கின்றன. போகலாமா, இருக்கலாமா என்று நான் இன்னும் இரண்டு மனமாகத்தான் இருக்கிறேன். சண்டை முன்னைவிட மோசம். அந்தச் சார்ஜன்ட் எப்போதோ மாறிப் போய்விட்டார். இப்போது நிற்கிற பொடியன்கள் முதல் நாளில் கேட்டதைத்தான் கேட்கிறார்கள். மகள் பாலர் வகுப்புக்குப் போகிறாள். அவளை இதுவரை படிக்கட்டில் தனியே இறங்க நான் விட்டதில்லை. முதலாம் மாடி ராத்தா வீட்டுக்குக்கூடக் கையைப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

நேற்றுப் பின்னேரம் அலுமாரியின் அடித்தட்டில் மச்சாள் விட்டுப்போன முழங்கால் உறைகளை அவள் கண்டெடுத்துவிட்டாள். இழுவை போய்த் தளர்ந்திருந்தன. ஆனாலும் அவளுக்குத் தொடை வரைக்கும் வந்தன. வழுக்கி விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புத்தகப் பையையும் மாட்டிக்கொண்டு, கதவடியில் வந்து நின்றாள். ராத்தா வீட்டுக்குத் தான் தனியப் போகவேண்டுமாம்.

“நான் வெளிக்கிட்டிட்டன் அம்மா. எங்கை எண்டு கேளுங்கோ.”

அப்படிக் கேட்கக்கூடாது என்று சொன்னேன். ஏன் என்றாள். காவலரணில் கேட்கிறார்கள்தானே என்றாள். படிக்கட்டு வெறிச்சென்று கிடந்தது. கீழே யாரோ வீட்டு வானொலி. வேண்டாம், நானும் வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“தூரமோ?” என்று கேட்டேன்.

“இல்லை, கிட்டத்தான். இமயமலைக்கு” என்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் உறைகள் கணுக்காலுக்குச் சரியச் சரிய, இறங்கத் தொடங்கினாள். நான் கதவடியிலேயே நின்றேன். ஒரு படி, ஒரு நிறுத்தம். ஒரு படி, ஒரு நிறுத்தம். இரண்டாம் மாடித் தட்டில் சத்தம் நின்றுவிட்டது. கூப்பிடவில்லை. உறையை மேலே இழுத்துவிடுகிறாள் போலும். பிறகு மறுபடி கேட்டது, ஒரு படி.